பின் சீட்டை எடுத்தால் என்ன கிடைக்கும்? இரண்டு இருக்கை சொகுசு கார்களுக்கு இன்னும் இடம் இருக்கிறதா

2021 அக்டோபரில் மெர்சிடிஸ் நிறுவனம் புதிய எஸ்.எல். காரை வெளியிட்டபோது அதில் பின் சீட் இருந்தது. குட்டிச் சீட்தான். ஒன்றரை மீட்டர் உயரத்துக்குள் இருப்பவர்களுக்குச் சரியாக இருக்கும் என்று நிறுவனமே சொன்னது. அதற்கு முந்தைய இரண்டு தலைமுறை எஸ்.எல். கார்களில் ஓட்டுபவர், பக்கத்தில் ஒருவர், அவ்வளவுதான். மூன்று ஆண்டுகள் போயின. 2024 ஆகஸ்டில் அதே காரின் மேபாக் (மெர்சிடிஸின் உச்ச சொகுசுப் பிரிவு) வடிவம் வந்தது. வழக்கமான எஸ்.எல். கார்களைவிட மிக அதிக விலை. அதில் அந்தப் பின் சீட்டை எடுத்துவிட்டார்கள்.

ஒரே கார், ஒரே நிறுவனம், எதிரெதிரான இரண்டு முடிவுகள். கூடுதல் பேரிடம் விற்க வேண்டும் என்றபோது சீட் உள்ளே வந்தது. விலையை மேலே கொண்டுபோக வேண்டும் என்றபோது சீட் வெளியே போனது. இரண்டு பேர் மட்டும் போகும் சொகுசு காரின் இன்றைய நிலை முழுவதும் இந்த ஒரு காரிலேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

"டூ-சீட்டருக்கு இன்னும் சந்தை இருக்கிறதா?" என்று கேட்டால் பலரும் "எங்கே, எல்லாரும் எஸ்யூவிதானே வாங்குகிறார்கள்" என்று முடித்துவிடுவார்கள். அப்படிச் சொல்லக் காரணமும் இருக்கிறது. மெர்சிடிஸின் சின்ன ரோட்ஸ்டரான (கூரை திறக்கும் டூ-சீட்டர்) எஸ்.எல்.சி. 2020-ல் நின்றது. ஆடி டி.டி. 2023 நவம்பரில் நின்றது. ஜாகுவார் எஃப்-டைப் 2024-ல். பெட்ரோலில் ஓடும் போர்ஷ 718 (பாக்ஸ்டர், கேமன்) கார்களின் உற்பத்தி 2025 அக்டோபரில் முடிந்தது. பி.எம்.டபிள்யூ இசட்4-க்கு 2026-தான் கடைசி.

ஆனால் இதே காலத்தில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், பவுலிங் கிரீன் என்ற ஊரில் உள்ள தொழிற்சாலை, பின் சீட்டே இல்லாத ஒரு காரை 2023 மாடல் ஆண்டில் மட்டும் 53,000-க்கு மேல் தயாரித்தது. அது செவ்ரோலெட் கார்வெட். 1979-ல் அந்தக் கார் வைத்த உற்பத்திச் சாதனையை மயிரிழையில்தான் தவறவிட்டது. ஆக, சந்தை செத்துவிட்டது என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. ஒரு சொகுசு கார் நிறுவனம் இன்று டூ-சீட்டர் செய்யலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க உட்கார்ந்தால், அதற்கு முன்னால் சில வழிகள் இருக்கின்றன. எல்லா வழியிலும் யாரோ ஏற்கெனவே போயிருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன ஆனது என்று பார்த்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும்.

அதற்கு முன் ஒரு அடிப்படை விஷயம். பின் சீட்டை எடுப்பதால் காருக்கு என்ன லாபம்? முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரத்தைக் குறைக்கலாம்; வளைவில் கார் சட்டெனத் திரும்பும். இன்ஜினை ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால், காரின் நடுப்பகுதிக்கே கொண்டுவரலாம். பின்னால் உட்காருபவரின் தலைக்காகக் கூரையை உயர்த்த வேண்டியதில்லை. மடக்குக் கூரையைச் சீட்டுக்குப் பின்னால் அழகாக ஒளித்துவைக்கலாம். எடையும் குறையும். இதில் ஒன்றையாவது முழுதாகப் பயன்படுத்திக்கொண்ட கார், வாங்குபவருக்குப் பதிலாக ஏதோ ஒன்றைத் தருகிறது. எதையும் பயன்படுத்தாத கார் சீட்டை மட்டும் பிடுங்கிக்கொள்கிறது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

சொகுசை மட்டும் நம்பிய கார்கள்

முதல் வழி, வசதியான, மென்மையான, இரண்டு பேர் கார். வேகம் இரண்டாம்பட்சம். அமெரிக்க நிறுவனங்களுக்கு இந்த வழிமேல் ஒரு காலத்தில் பெரிய ஆசை இருந்தது. காரணம் மெர்சிடிஸ் எஸ்.எல்.தான். 1971-ல் வந்த எஸ்.எல். தலைமுறை 1989 வரை ஓடி, உலகம் முழுக்க 2,37,000 கார்கள் விற்றது. அமெரிக்கப் பணக்கார வட்டாரங்களில் அந்தக் காருக்கு இருந்த மதிப்பைப் பார்த்து ஜெனரல் மோட்டார்ஸின் காடிலாக் பிரிவு, "நாமும் ஒன்று செய்வோம்" என்று இறங்கியது.

அப்படி வந்ததுதான் 1987 மாடலான காடிலாக் அலான்டே. அதன் கதை கார் வரலாற்றிலேயே தனி. பாடியை இத்தாலியில், தூரின் நகருக்குப் பக்கத்தில் கார் வடிவமைப்பு நிறுவனமான பினின்ஃபரினாவின் தொழிற்சாலை செய்யும். செய்து முடித்த பாடிகளை, ஒரு பயணத்துக்கு 56 என்று போயிங் 747 சரக்கு விமானத்தில் ஏற்றி அட்லாண்டிக் கடலைத் தாண்டி டெட்ராய்ட்டுக்குக் கொண்டுவருவார்கள். அங்கே இன்ஜினும் சேஸியும் (காரின் அடிச்சட்டம்) சேரும். உலகத்திலேயே நீளமான அசெம்பிளி லைன் என்று அதற்குப் பெயர் வந்தது. விலை 54,000 டாலருக்கு மேல். ஆண்டுக்கு 6,000 விற்க வேண்டும் என்பது இலக்கு. ஏழு மாடல் ஆண்டுகளில் மொத்தமே 21,000-க்குச் சற்று அதிகம்தான் விற்றது. அதாவது இலக்கில் பாதி.

ஏன்? பாடி இத்தாலிய அழகு. அடியில் இருந்ததோ அன்றைய காடிலாக் கார்களில் இருந்த அதே முன்சக்கர இயக்கமும், அவற்றின் வி8 இன்ஜினையே 170 குதிரைத்திறனுக்கு உயர்த்திய வடிவமும். தொடக்கக் கார்களில் கூரை ஒழுகியதாகப் புகார் வேறு. 295 குதிரைத்திறன் தரும் நல்ல இன்ஜின், நார்த்ஸ்டார், 1993-ல்தான் உள்ளே வந்தது. அந்த ஆண்டோடு காரையே நிறுத்திவிட்டார்கள். இந்த இடம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது. கார் கடைசியில் தான் ஆக வேண்டிய காராக ஆனபோது கதவைச் சாத்திவிட்டார்கள்.

அதே நிறுவனத்தின் ப்யூக் பிரிவு அதே நேரத்தில் இன்னொன்று செய்தது. ப்யூக் ரியாட்டா, 1988 மாடல். மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங் நகரில் அதற்கென்று தனிப் பட்டறை அமைத்து, சின்னச் சின்னக் குழுக்களாகத் தொழிலாளர்களை வைத்துக் கட்டினார்கள். முதல் இரண்டு ஆண்டுக் கார்களில் தொடுதிரை இருந்தது, 1988-ல் தொடுதிரை! ஆண்டுக்கு 20,000 விற்போம் என்று எதிர்பார்த்தார்கள். நான்கு ஆண்டுகளில் மொத்தமாக 21,751. உள்ளே இருந்தது ப்யூக் ரிவியேரா என்ற பெரிய காரின் சேஸியைச் சுருக்கியது. முன்சக்கர இயக்கம், சாதாரண வி6 இன்ஜின். நீண்ட பயணத்துக்கு அருமையான, அமைதியான கார். ஆனால் அந்த அமைதியும் அந்த இன்ஜினும் நான்கு கதவு ப்யூக்கிலும் கிடைத்தன. இரண்டு சீட்டை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக ரியாட்டா தந்தது தோற்றம் மட்டும்.

கிரைஸ்லர் நிறுவனம் மசராட்டியோடு சேர்ந்து செய்த டி.சி.யைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். தன்னுடைய சொந்த லெபாரன் காரைப் போலவே தெரிந்த ஒன்றை அதைவிடப் பல மடங்கு கர்வத்தோடு விற்கப் பார்த்தார்கள். 7,300 கார்களோடு முடிந்தது.

சரி, இந்த மூன்றுக்கும் முன்சக்கர இயக்கமும் பலமில்லாத இன்ஜினும்தான் காரணம் என்று நினைக்கலாம். அப்படியென்றால் அடுத்து வந்தது வென்றிருக்க வேண்டும். 2004 மாடலாக வந்த காடிலாக் எக்ஸ்.எல்.ஆர். அலான்டேயின் குறைகள் ஒன்றும் இதில் இல்லை. கார்வெட்டின் அடித்தளம், பின்சக்கர இயக்கம், 320 குதிரைத்திறன் நார்த்ஸ்டார் இன்ஜின், பொத்தானை அழுத்தினால் மடங்கி டிக்கிக்குள் போகும் உலோகக் கூரை. மீட்டர்களின் வடிவமைப்பில் பல்காரி நகை நிறுவனத்தின் பெயர். அதைக் கட்டியதும் கார்வெட் பிறக்கும் அதே பவுலிங் கிரீன் தொழிற்சாலையில்தான். விலை 76,000 டாலருக்கு மேல். ஆறு மாடல் ஆண்டுகளில் 15,000-க்குச் சற்று மேல் விற்று 2009-ல் நின்றது.

இங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. 2005 மாடல் கார்வெட்டின் இன்ஜின் 400 குதிரைத்திறன். விலை 44,000 டாலர் அளவில். எக்ஸ்.எல்.ஆர். வாங்கப் போகிறவர் 30,000 டாலர் அதிகமாகக் கொடுத்து, 80 குதிரைத்திறன் குறைவாகப் பெறுகிறார். மடக்குக் கூரைக்கும் மரவேலைக்கும் அந்தப் பணம் தகும் என்று சிலர் நினைத்தார்கள். நிறையப் பேர் நினைக்கவில்லை.

சேஸி எங்கிருந்து வருகிறது

கார்வெட்டிடம் கடன் வாங்கிய எக்ஸ்.எல்.ஆர். தோற்றது. போர்ஷ 911-இடம் கடன் வாங்கிய, அதே நிறுவனத்தின் இரண்டு சீட் காரான பாக்ஸ்டர் வென்றது. இரண்டும் கடன்தான். வித்தியாசம் எந்தத் திசையில் வாங்கினார்கள் என்பதில் இருக்கிறது.

1990-களின் தொடக்கத்தில் போர்ஷ மிக மோசமான நிலையில் இருந்தது. வெண்டலின் வீடகிங் தலைமைக்கு வந்தார்; ஜப்பானிய உற்பத்தி நிபுணர்களை அழைத்துத் தொழிற்சாலையை மாற்றினார். 1993-ல் டெட்ராய்ட் கண்காட்சியில் பாக்ஸ்டரின் மாதிரி வடிவத்தைக் காட்டினார்கள்; 1996-ல் கார் வந்தது. அடுத்து வரவிருந்த 911-உம் பாக்ஸ்டரும் முன்பகுதியை அப்படியே பகிர்ந்துகொண்டன. முகப்பு விளக்கு வரைக்கும் ஒன்று. அமெரிக்காவில் பாக்ஸ்டரின் விலை 40,000 டாலர் அளவில் தொடங்கியது. 911-க்கு அதைவிடப் பல ஆயிரம் டாலர் கூடுதல். வாங்கியவர் என்ன நினைத்திருப்பார்? விலை உயர்ந்த காரின் முகமும் உதிரிகளும் குறைந்த விலையில் கிடைக்கின்றன. அதோடு 911-இல் இல்லாத ஒன்றும் கிடைக்கிறது: இன்ஜின் நடுவில். பின் சீட் போனதால்தான் இன்ஜின் நடுவுக்கு வர முடிந்தது. தேவை அதிகமாகி, பின்லாந்தில் உள்ள ஊசிகௌபுங்கி ஊரில் வால்மெட் நிறுவனத்திடம் கொடுத்துக் கட்ட வேண்டியிருந்தது.

இந்தக் கண்ணோட்டத்தில் பழையவற்றைத் திரும்பப் பாருங்கள். அலான்டே, ரியாட்டா, டி.சி., எக்ஸ்.எல்.ஆர். நான்கும் தங்களைவிடக் குறைந்த விலைக் காரிலிருந்து அடித்தளத்தை எடுத்து, அதைவிட உயர்ந்த விலைக்கு விற்றவை. பாக்ஸ்டர் மேலிருந்து வாங்கிக் கீழே விற்றது. கார்வெட் யாரிடமும் வாங்கவில்லை. தனக்கென்று இருந்ததை எல்லாம் குறைந்த விலைக்குக் கொடுத்தது. 2019 ஜூலையில் இன்ஜினை நடுவுக்குக் கொண்டுவந்த புதிய கார்வெட்டை அறிமுகம் செய்தபோது தொடக்க விலை 60,000 டாலருக்குச் சற்று கீழே. நடு இன்ஜின் கார் என்றால் ஃபெராரி, லம்போர்கினி என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த விலை நம்ப முடியாததாக இருந்தது. பின்பக்க டிக்கியில் இரண்டு கோல்ஃப் பைகள் போகும். முன்னாலும் கொஞ்சம் இடம். வார இறுதிக்கு இருவர் போய்வரத் தாராளம்.

நான் சொல்லும் இந்தக் கணக்குக்கு விதிவிலக்கு இருக்கிறது. அதை மறைப்பது சரியில்லை. முதல் ஆடி டி.டி. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் குடும்பத்தின் அடித்தளத்தில் வந்த கார். கீழிருந்து வாங்கி மேலே விற்றதுதான். ஆனாலும் 25 ஆண்டுகளில் மூன்று தலைமுறையாக 6,62,000-க்கு மேல் விற்றது. மெர்சிடிஸின் எஸ்.எல்.கே.யும் அப்படியே, 1996-ல் வந்தபோது அடியில் இருந்தது சி-கிளாஸ் செடானின் உறவு. டி.டி.யைப் பொறுத்தவரை, அந்தத் தோற்றத்தில் வேறு எந்தக் காரும் இல்லை. அதோடு அதன் மூடிய கூரையுள்ள கூபே வடிவத்தில் பெயருக்காவது ஒரு பின் சீட் இருந்தது. எஸ்.எல்.கே.யிடம் மடங்கும் உலோகக் கூரை இருந்தது. அந்த விலையில் அது அப்போது அதிசயம். வேறெங்கும் கிடைக்காத ஒன்று கையில் இருக்கும்வரை இந்த வழியும் ஓடுகிறது. அந்த ஒன்று பழகிப்போனதும் ஓட்டம் நின்றுவிடுகிறது. எஸ்.எல்.கே., பின்னாளில் எஸ்.எல்.சி. என்று பெயர் மாறி, மூன்றாம் தலைமுறையோடு முடிந்ததை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

பின் சீட்டைச் சேர்த்துக்கொண்டவர்கள்

இரண்டாவது பெரிய வழி, டூ-சீட்டர் ஆசையை வைத்துக்கொண்டே பின்னால் இரண்டு சீட் போட்டுவிடுவது. வியாபாரமாகப் பார்த்தால் இதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது. அதற்குச் சாட்சி ஃபோர்டு தண்டர்பேர்ட்.

1955-ல் இரண்டு சீட் காராக வந்தது. கார்வெட்டுக்குப் போட்டி என்று சொல்லப்பட்டாலும் ஃபோர்டு அதை சொகுசுக் காராகவே விற்றது. மூன்று ஆண்டுகளில் நன்றாகவே போனது. 1957-ல் மட்டும் 21,000-க்கு மேல். ஆனால் ஃபோர்டில் அப்போது இருந்த ராபர்ட் மெக்னமாரா, பின்னாளில் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் ஆனவர், நான்கு சீட் வேண்டும் என்று நின்றார். 1958-ல் நான்கு சீட் தண்டர்பேர்ட் வந்தது. அது அமெரிக்காவில் பொருளாதாரச் சரிவு ஆண்டு. கார் விற்பனை பொதுவாகவே படுத்திருந்தது. அந்த ஆண்டிலும் 37,000-க்கு மேல் விற்றது. 1960-ல் 90,000-ஐத் தாண்டியது. இந்த எண்களைப் பார்த்துவிட்டு எந்த நிர்வாகியும் இரண்டு சீட்டுக்குத் திரும்பமாட்டார். 2002-ல் பழைய ஞாபகத்தில் ஃபோர்டு மறுபடி இரண்டு சீட் தண்டர்பேர்ட் கொண்டுவந்தது. லிங்கன் எல்.எஸ். செடானின் அடித்தளம். முதல் ஆண்டு பரபரப்பாக விற்று, பிறகு இறங்கி, 2005-ல் முடிந்தது. அடித்தளம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதை இங்கேயும் கவனிக்கலாம்.

தண்டர்பேர்டின் வெற்றியைப் பார்த்து ஜெனரல் மோட்டார்ஸுக்கும் சபலம் தட்டியது. 1960-களின் தொடக்கத்தில் நான்கு சீட் கார்வெட் ஒன்றைச் சோதனைக்குச் செய்தே பார்த்தார்கள். நிறுவனத் தலைவர் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாராம். முன் சீட் மாட்டிக்கொண்டு அவரால் வெளியே வர முடியவில்லையாம். அத்தோடு அந்தத் திட்டம் போனது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படி இருந்தாலும், கார்வெட் இன்றுவரை இரண்டு சீட்டில் நிற்கிறது. அன்று மாற்றியிருந்தால் இன்று நாம் பேசிக்கொண்டிருக்கும் அந்த 53,000 கார்கள் இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

போர்ஷவின் எண்கள் இந்த இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகின்றன. 2024-ல் குட்டிப் பின் சீட் உள்ள 911 உலகம் முழுக்க 50,941 விற்றது. பெரும்பாலான 911-களை விடப் பாதி விலைக்கு அருகில் கிடைத்த இரண்டு சீட் 718 வகைகள் 23,670. விலை குறைந்த கார் குறைவாக விற்றிருக்கிறது. 911-இன் பின் சீட்டில் வளர்ந்தவர் யாரும் வசதியாக உட்கார முடியாது. ஆனால் பிள்ளைகளைப் பள்ளியில் விடலாம், பையைப் போடலாம். எல்லாவற்றையும்விட, வீட்டில் "இது நம் எல்லாருக்குமான கார்" என்று சொல்ல முடியும். அந்தச் சீட்டின் உண்மையான வேலை அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வைப்பதுதான் என்று நினைக்கிறேன்.

இருந்தாலும் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 2023-ஐவிட 2024-ல் 718 அதிகமாக விற்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையப் பாதுகாப்பு விதிகள் காரணமாக அந்த ஆண்டின் நடுவிலேயே அதன் பெரும்பாலான வகைகளை விலக்கிக்கொண்டும் இந்த நிலை. கடைசிப் பெட்ரோல் பாக்ஸ்டரை வாங்கிவிடலாம் என்று ஓடியவர்களும் அதில் இருந்திருப்பார்கள். எப்படிப் பார்த்தாலும், ஆள் இல்லாமல் நின்ற கார் இல்லை அது.

மிகச் சிலருக்கு, மிக அதிக விலையில்

இந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதில் சிக்கல் ஒன்றும் இல்லை. ரோல்ஸ்-ராய்ஸ் 2023 ஆகஸ்டில் டிராப்டெயில் என்ற இரண்டு சீட் காரைக் காட்டியது. மொத்தமே நான்கு. பென்ட்லி பகலார் இரண்டு சீட் கார், பன்னிரண்டு மட்டும். மேபாக் எஸ்.எல். இவற்றைவிட அதிக எண்ணிக்கையில் வரும் என்றாலும் கணக்கு அதேதான். இதை வாங்குபவரின் வீட்டில் வேறு கார்கள் நிறைய நிற்கின்றன. இன்னொரு காருக்குப் பின் சீட் எதற்கு? அவருக்குப் பின் சீட் இல்லாததே ஒரு அந்தஸ்து. எக்ஸ்.எல்.ஆர். தோற்ற அதே "சொகுசு மட்டும்" என்ற சரக்கு, விலை பல மடங்கு ஏறியதும் விற்கிறது. 76,000 டாலர் வாங்குபவர் பக்கத்து ஷோரூமில் இருக்கும் கார்வெட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். கோடிகளில் வாங்குபவர் ஒப்பிடுவதில்லை.

கூட்டுச் சேர்வதும், பேட்டரிக்குப் போவதும்

தனியாகச் செய்யக் கட்டுப்படியாகவில்லை என்றால் கூட்டாளி தேடலாம். பி.எம்.டபிள்யூ இசட்4-உம் டொயோட்டா சுப்ராவும் அப்படிப் பிறந்தவை. அடித்தளம் ஒன்று, இன்ஜின் பி.எம்.டபிள்யூவுடையது, கட்டுவது இரண்டு நிறுவனமும் இல்லை. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் மாக்னா ஸ்டெயர். ஒருவர் திறந்த கூரை, மற்றவர் மூடிய கூரை என்று பிரித்துக்கொண்டதால் ஒருவர் சந்தையை மற்றவர் தின்னவில்லை. நல்ல ஏற்பாடு. இந்தக் கூட்டு இல்லாவிட்டால் இந்தத் தலைமுறை இசட்4 வந்தே இருக்காது என்று நம்புகிறேன். ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் விலகினால் கார் இரண்டும் ஒரே நேரத்தில் போய்விடும். அதுதான் இப்போது நடக்கிறது.

மின்சார வழியில் கண்முன் இருப்பது எம்.ஜி. சைபர்ஸ்டர். இரண்டு சீட், மேல் நோக்கித் திறக்கும் கதவுகள், 500-க்கு மேல் குதிரைத்திறன், எடை இரண்டு டன்னுக்கு அருகில். பெட்ரோலில் ஓடும் சின்ன டூ-சீட்டரான மாஸ்டா எம்.எக்ஸ்-5 ஒரு டன்னை ஒட்டி இருப்பது. டூ-சீட்டரின் லாபங்களில் ஒன்று எடை குறைவு என்று மேலே சொன்னேன். பேட்டரி அந்த லாபத்தை அப்படியே திருப்பி எடுத்துக்கொள்கிறது. வேகம் கிடைக்கிறது. நேர்ச்சாலையில் மயக்கும். மலைப்பாதையில் அந்த எடை தெரியும். போர்ஷ அடுத்த 718-ஐ முழுக்க மின்சாரக் காராகவே திட்டமிட்டிருந்தது. 2025 செப்டம்பரில், உயர் வகைகளில் பெட்ரோல் இன்ஜினும் இருக்கும் என்று மாற்றிச் சொன்னது. எனக்கு அது நல்ல செய்தியாகவே பட்டது. இந்த வகைக் காரை விரும்புபவர் எதற்காகப் பணம் தருகிறார் என்பதை அந்த நிறுவனம் மறுபடி கேட்டுப் பார்த்திருக்கிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்

ஒரு சொகுசு நிறுவனம் என்னிடம் கேட்டால், 60,000-லிருந்து 1,00,000 டாலர் விலையில் "வசதிக்காக இரண்டு சீட்" என்று ஒரு காரைச் செய்யாதே என்பேன். "வசதி மட்டும்" என்ற அந்த வழியில் நான்கு முறை முயன்றுவிட்டார்கள். மேலே இருக்கும் தன்னுடைய சிறந்த காரின் உதிரிகளை எடுத்துக் கீழ் விலையில், இன்ஜினை நடுவில் வைத்து ஒன்று செய்ய முடியுமென்றால் அதைச் செய்யலாம். அப்படி ஒரு காரை வாங்க ஆண்டுக்கு இருபதாயிரம் பேர் உலகத்தில் இருக்கிறார்கள். அப்படி ஒரு சிறந்த கார் மேலே இல்லாத நிறுவனத்துக்குக் குட்டிப் பின் சீட் வழிதான் சரி. அதை நான் அரை மனதோடு சொல்கிறேன். எஃப்-டைப் போன்ற ஒரு காரைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. 87,731 பேர் அதை வாங்கினார்கள், பதினொரு ஆண்டில். ஆண்டுக்கு எட்டாயிரம். ஒரு சின்ன நிறுவனத்துக்கு அது மதிப்பான எண். தனி அலுமினிய பாடியோடு ஒரு காரை வைத்திருக்க அது போதவில்லை.

இன்னொரு போட்டியாளரை நிறுவனங்கள் கணக்கில் எடுப்பதில்லை என்று தோன்றுகிறது: தாங்களே முன்பு விற்ற கார்கள். டூ-சீட்டர் பெரும்பாலும் வீட்டின் மூன்றாவது கார். வெயில் நாளில் மட்டும் வெளியே வரும். பதினைந்து வருடம் கழித்தும் குறைந்த கிலோமீட்டரில், மூடிய கேரேஜில் நல்ல நிலையில் நிற்கும். செடானும் எஸ்யூவியும் அப்படி நிற்பதில்லை. ஓடித் தேய்ந்து போகின்றன. ஆகவே புதிய டூ-சீட்டர் வாங்க நினைப்பவர் கண்முன் நல்ல பழையது எப்போதும் பாதி விலையில் இருக்கிறது.

வாங்குபவர் பக்கம் வந்தால் இது நல்ல விஷயம். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருப்பவர் என்றால் என் தேர்வு 1989-லிருந்து 2001 வரை வந்த எஸ்.எல். அதற்குள்ளே, கார் உருண்டால் தலையைக் காக்கும் பாதுகாப்புக் கம்பி ஒன்று உண்டு. கார் கவிழப் போகிறது என்று உணர்ந்தால் கண் இமைப்பதற்குள் தானே மேலே வந்துவிடும். இரண்டு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதனால் தேடினால் நல்லது கிடைக்கும். வாங்கும்முன் கூரையின் ஹைட்ராலிக் அமைப்பையும், 1990-களின் நடுவில் செய்த காரென்றால் இன்ஜின் வயரிங்கையும் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். புதிதாகத்தான் வேண்டும், விலை கட்டுக்குள் இருக்க வேண்டும் என்றால் அமெரிக்காவில் கார்வெட்டுக்குப் பக்கத்தில் எதுவும் இல்லை.

இந்தியாவில் கணக்கு வேறு. பி.எம்.டபிள்யூவின் சென்னைத் தொழிற்சாலை செடான்களையும் எஸ்யூவிகளையும் இங்கேயே பூட்டுகிறது. இசட்4 மட்டும் முழுக்காராக இறக்குமதியாகி வந்தது. 2023-ல் அதன் எக்ஸ்-ஷோரூம் விலை 89.30 லட்சம். அதே ஆண்டு குட்டிப் பின் சீட்டுள்ள எஸ்.எல். 55 வந்தபோது 2.35 கோடி. 2025 மார்ச்சில் பின் சீட் இல்லாத மேபாக் எஸ்.எல். 4.20 கோடி. அதே ஆண்டு ஜூலையில் சைபர்ஸ்டர் 74.99 லட்சம். இறக்குமதி வரி விலையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும் நாட்டில், சின்ன எண்ணிக்கையில் விற்கும் காரை இங்கே பூட்ட எந்த நிறுவனத்துக்கும் காரணம் இல்லை. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் நான் இசட்4 பக்கம் போவேன். ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், பின்சக்கர இயக்கம், துணிக்கூரை, இசட்4-இல் இவை எல்லாம் ஒரு கோடிக்குள் கிடைத்தன. உற்பத்திக்கு 2026-தான் கடைசி என்பதால், ஷோரூமில் மிச்சம் இருக்கும் காரை விசாரிப்பவர் முதலில் கேட்க வேண்டியது தள்ளுபடி இல்லை. முன் கண்ணாடி, மடக்குக் கூரையின் மோட்டார், கூரைத் துணி இந்த மூன்றும் உடைந்தால் எத்தனை நாளில் வரும் என்பதுதான். வேகத்தடையில் அடி தட்டுமா என்பதையும் தன் தெருவிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.